ஒரு மிப்ஸ்னா எத்தனை?

1977-இல் டெக் கம்பெனி வாக்ஸ்-11/780 என்று ஒரு மெஷின் கொண்டு வந்தது. "1 மிப்ஸ்" என்று பேர் வாங்கிய மெஷின். அதாவது நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள். ஆனா உள்ளே எண்ணிப் பார்த்தா ஓடினது என்னவோ சுமார் அஞ்சு லட்சம்தான்!

முழுப் பொய்யும் இல்லீங்க. ஐபிஎம் 370/158-ஐ அப்போ 1 மிப்ஸ் மெஷின் என்று சொல்வார்கள். வாக்ஸும் ஏறக்குறைய அதே வேகத்தில் வேலையை முடித்தது. அதனால இதுவும் 1. பக்கத்துக் கடைப் படியை வச்சு நம்ம படியை அளந்த கதை.

அப்புறம் வாக்ஸே படியாயிடுச்சு. 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் 'டிரைஸ்டோன்' என்ற குட்டி ப்ரோகிராமை எழுதினார். பேரே கடி ஜோக். அதற்கு முன்னாடி தசமக் கணக்கு வேகத்தை அளக்க 'வெட்ஸ்டோன்' இருந்தது. அது இங்கிலாந்தில் ஒரு ஊர் பேர், காதில் ஈரக்கல் மாதிரி விழும். இவர் தசமமே இல்லாம எழுதினதால காய்ந்த கல் :-) வாக்ஸ் இதை நொடிக்கு 1757 சுற்று ஓட்டியது. உங்க மெஷின் எண்ணிக்கையை 1757-ஆல் வகுத்தா மிப்ஸ் ரெடி. ஆனா கெட்டிக்கார கம்பைலர், விடை எங்கேயும் பயன்படாத வரிகளைத் தூக்கிப் போட்டுடும். செய்யாத வேலைக்கும் மார்க். 1988-இல் இதைத் தடுக்கவே புதுப் பதிப்பு விட வேண்டி வந்தது.

அதே வருஷம் அப்போலோ, எச்பி, சன், மிப்ஸ் (இது கம்பெனி, அளவு இல்லை) நாலும் சேர்ந்து ஸ்பெக் அமைப்பைத் தொடங்கின. குட்டி ப்ரோகிராம் வேண்டாம், நிஜமானதா 10 எடுப்போம் என்று 1989-இல் ஒரு தொகுப்பு. அதில் ஒன்று மேட்ரிக்ஸ்300. அதன் நேரத்தில் 99 சதவீதம் ஒரே ஒரு வரியில் கழியும். விடுவாங்களா? ஐபிஎம் பவர்ஸ்டேஷன் 550-இல் கம்பைலரை மட்டும் மாற்றினதும் அந்த ஒரு சோதனை 9 மடங்குக்கு மேல் எகிறியது. மெஷின் அதேதான்.

இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அணிகளைத் துண்டு துண்டாகப் பெருக்கும் அந்த உத்தி நல்ல உத்திதான். ஆனா பத்துக்கும் சேர்த்து சராசரி போடும்போது, அணிப் பெருக்கலே செய்யாதவரும் அந்த நம்பரைப் பார்த்துக் காசு கொடுப்பாரே! 1992 தொகுப்பில் மேட்ரிக்ஸ்300-ஐத் தூக்கிட்டாங்க. வாக்ஸ் படியாகவே நீடித்தது. 1995 தொகுப்பில்தான் அதற்கு ஓய்வு, அந்த இடத்துக்கு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 10 வந்தது.

டிரைஸ்டோன் மட்டும் சாகலை. குட்டிச் சில்லுகளின் விவரத்தாளில் இன்னிக்கும் 'டி-மிப்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அதுவும் 1757-ஆல் வகுத்ததுதான்.