ஹீரோ

திரைப்படத்தின் தலைமகனைக் குறிக்க இன்று தமிழில் தாராளமாகப் புழங்கும் ஹீரோ என்னும் சொல், ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்த 'ஹேரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லாகும். ஹோமரின் காப்பியங்களில் இது உயிரோடிருக்கும் வீரனையும், ஏன், ஒடிசியில் பாணனாகிய தெமோதோக்கசையும்கூடச் சுட்டும் மதிப்புச்சொல்லாக இருக்க, பிற்கால வழிபாட்டு மரபிலோ, இறந்தபின் கல்லறையில் பலி பெறும் மனிதனை, அதாவது நம் நடுகல் வீரனுக்கு ஒருவகையில் உறவினனைக் குறிப்பதாயிற்று. அவனுக்குரிய கோயில் 'ஹேரோவோன்' எனப்பட்டது. போரில் மாண்டிராத விளையாட்டு வீரரும் இப்பேறு பெற்றனர் என்பதே இன்றைய ரசிகர் கூட்டத்தை நினைவூட்டும் செய்தி. கி.மு. 480இல் ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் வென்ற தாசோஸ் தீவினனான தியாகெனஸ் இறந்தபின், பகைவன் ஒருவன் இரவுதோறும் அவனுடைய வெண்கலச் சிலையைச் சாட்டையால் அடித்தான் என்றும், சிலை சாய்ந்து அப்பகைவனைக் கொன்றது என்றும், கொலைக்குற்றம் சாட்டப்பெற்றுக் கடலில் எறியப்பட்ட அச்சிலையைப் பஞ்சம் வந்ததும் மக்கள் மீட்டு நிறுவி வணங்கினர் என்றும் கிரேக்கப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எழுதுகிறார். கதையில் மிகை இருக்கக்கூடும். ஆயினும் தியாகெனசுக்குப் பலியிடுவோர் ஓர் ஒபோல் நாணயத்துக்குக் குறையாமல் உண்டியலில் இட வேண்டும் என விதிக்கும் கல்வெட்டு தாசோஸில் கிடைத்துள்ளது.