புத்தி நிறுத்த தராசு

உள் இலண்டன் சாதாரண பள்ளிகளிலே 1967ல் குடிவந்தோரின் பிள்ளைகள் நூற்றுக்கு 15 பேர் அளவில்தான். "கல்வியில் பிந்தியோர்" என்று ஒதுக்கின பள்ளிகளிலேயோ நூற்றுக்கு 28! பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள். ஒதுக்கப் பிடித்த அளவுகோல்களில் முக்கியமானது நுண்ணறிவுச் சோதனை.

கிரெனடாவில் பிறந்த ஆசிரியர் பேர்னாட் கோர்ட் 1971ல் ஒரு சிறு புத்தகத்திலே இதைப் போட்டுடைத்தார். சோதனையில் இருப்பது வெள்ளைக்கார நடுத்தர வீட்டுச் சொற்கள் என்றார். தண்ணீர்க் குழாய் இங்கே 'ரப்'. சில தீவுகளிலே 'பைப்'. (எங்கட ஊரிலும் பைப்தானே!) சொல் விளங்காத பிள்ளைக்குப் புத்தி குறைவென்று புள்ளி விழும். தொழிற்சாலையிலே சாமான் நிறுக்க முன்னம் தராசைச் சரிபார்க்கிறோம். பிள்ளைகளை நிறுத்தவர்கள் அதைச் செய்யவில்லை.

கறுப்பினப் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. தாங்களே சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்தினார்கள். "பிந்தியோர்" என்ற அந்தப் பிரிவை 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நீக்கியது.