ஐந்து வலயங்களும் ஒரு விளையாட்டுப் பெட்டியும்

பிளசன்டனில் எமது வீட்டுத் தொலைக்காட்சியின் கீழே ஒரு கறுப்புப் பெட்டி பல வருடங்களாக இருந்தது. விளையாட்டு இயந்திரம் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். பிள்ளைகள் அதில் விளையாடியதும் உண்மை. ஆனால் அம்மம்மாவுக்கு அது 'படப்பெட்டி'. சனிக்கிழமை பின்னேரங்களில், "ராசா, உன்ர பெட்டியிலை ஒரு படத்தைப் போட்டு விடன்" என்று பேரனைக் கேட்பார். அவன் முணுமுணுத்துக்கொண்டே விளையாட்டை நிறுத்துவான்.

புலம்பெயர்ந்த எமது சனத்தின் படம் பார்க்கும் பழக்கத்தைப் பேச வரும்போது நாம் வீடியோக் கடைகளைப் பேசுவோம், மண்டபங்களில் ஓடிய படங்களைப் பேசுவோம். இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. பிள்ளைகளின் சாமான் என்று ஒதுக்கிவிட்டோம் போலும். சுமார் பதினைந்து வருட காலம் எமது படங்களும், அதைவிட முக்கியமாக எமது வீட்டு வீடியோக்களும், இதன் வழியாகத்தான் எம்மிடம் வந்தன. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் வந்தது. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. எண்பதுகளில் எமது ஊரில் படம் பார்ப்பது ஒழுங்கை முழுவதும் சேர்ந்து செய்யும் காரியம். ரீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம், நாலு படம். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அப்போது ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுக்கப்பட்டது. எண்ணெய்க் காசை வீடு வீடாகப் பிரித்தார்கள்.

அதே எண்பதுகளில்தான் கலியாண வீடுகளுக்கு வீடியோக்காரரும் வரத் தொடங்கினார். வலிகாமம் வடக்கில் எமது வீட்டு முற்றத்தில் 1986 இல் நடந்த ஒரு கலியாணம் அப்படி ஒரு கசெற்றில் ஏறியது. 1990 யூனில் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, காணி உறுதிகளோடும் நகைகளோடும் அந்தக் கசெற்றும் பையில் வந்தது. வீடு பிறகு இல்லாமற் போயிற்று. கலியாணத்தில் ஓடித் திரிந்து பந்தி விசாரித்த அப்பாவும் இப்போது இல்லை. நிழற்படங்களில் அவர் நிற்கிறார். அந்தக் கசெற்றில் மட்டும் நடக்கிறார்.

கலிபோர்ணியாவுக்கு வந்து சேர்ந்தபோது, கசெற் அமெரிக்க டெக்கினுள் பிசகில்லாமல் போய் உட்கார்ந்தது. படம்தான் வரவில்லை. திரையில் கோடுகள் ஓடின. காரணம் எளிது. இலங்கை 'பால்' முறையைப் பின்பற்றிய நாடு: ஒரு படத்துக்கு 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். அமெரிக்கா பின்பற்றியது 'என்.ரி.எஸ்.சி.' முறை: 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்கள். பெட்டியின் அளவு ஒன்று, உள்ளே பேசும் பாஷை வேறு. லண்டனும் ஜேர்மனியும் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 'பால்' முறைதான். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்தவர்கள் தமது கலியாணத்தைத் தாமே பார்ப்பதற்குக் காசு கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது. நாமும் ஒரு கடையில் மாற்றினோம். கூறைச் சேலையின் சிவப்பு வெளிறிப்போய்த் திரும்பி வந்தது.

விளையாட்டு இயந்திரத்தில் படம் போடுவது தொண்ணூறுகளிலேயே முயன்று பார்க்கப்பட்ட விசயம். பிலிப்ஸ் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட 'சீடி-ஐ' என்ற இயந்திரத்தில் தனியாக ஒரு வீடியோ அட்டையைச் செருகினால் வீடியோ சீடி ஓடும். 1993 இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சீடி ஆசியா எங்கும் பரவியது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப்படம் இரண்டு மூன்று தட்டுக்களில் வரும். அமெரிக்காவில் அது எடுபடவில்லை.

உண்மையான மாற்றம் 2000 இல் வந்தது. சோனியின் பிளேஸ்டேசன் 2 அந்த வருடம் மார்ச் 4 இல் ஜப்பானிலும், ஒக்ரோபர் 26 இல் வட அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இங்கே விலை 299 டொலர். விளையாட்டுத் தட்டைப் போடும் அதே வாயில் டீவீடிப் படத்தையும் போடலாம். மேலதிகமாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பிள்ளைக்கு விளையாட்டு, பெரியவர்களுக்குப் படம், இரண்டும் ஒரே விலையில் என்ற கணக்கில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அது நுழைந்தது. அடுத்த வருடம் வந்த மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்தில் டீவீடி பார்ப்பதற்கு ரிமோட்டைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. பிளேஸ்டேசன் 2 மொத்தம் 16 கோடி விற்றதாகச் சோனி சொல்கிறது. அந்தப் பதினாறு கோடியில் எத்தனை, விளையாட்டுக்காக அல்லாமல் படத்துக்காக வாங்கப்பட்டன என்பதை யாரும் எண்ணியிருக்க முடியாது.

ஆனால் டீவீடியோடு ஒரு புதிய வேலியும் வந்தது. படக் கம்பனிகள் உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்தில் விற்ற தட்டு மற்ற வலயத்து இயந்திரத்தில் ஓடாதபடி பூட்டுப் போட்டன. அந்த வரைபடத்தை எமது சனத்தின் கண்ணால் பார்த்தால் விநோதமாக இருக்கும். ரொறொன்ரோவும் பிளசன்டனும் 1 ஆம் வலயம். லண்டனும் பாரிசும் 2. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 3. சிட்னியும் மெல்பேர்ணும் 4. யாழ்ப்பாணமும் சென்னையும் 5. சீனாவுக்கென்று வைத்த 6 ஆம் வலயத்தைத் தவிர மற்ற எல்லா வலயத்திலும் எமக்கு ஒரு சித்தியோ மாமாவோ இருந்தார்கள். ஒரே குடும்பத்தின் ஐந்து கிளைகள் ஐந்து பூட்டுக்குள்.

தமிழ்ப்பட டீவீடி போட்டவர்கள் இதை விளங்கிக்கொண்டு பெரும்பாலும் பூட்டில்லாமலே தட்டுக்களை விற்றார்கள். அவர்களுடைய சந்தையே இந்த ஐந்து வலயமும்தானே. லண்டனிலிருந்து தங்கை அனுப்பும் பூப்புனித நீராட்டு விழாத் தட்டிலும் வலயப் பூட்டு இருக்காது. ஆனால் அது 'பால்' முறையில் இருக்கும். அமெரிக்காவில் விற்கப்பட்ட இயந்திரங்கள் பல அதை ஏற்காது. கசெற்றோடு முடிந்தது என்று நினைத்த பழைய வழக்கு தட்டிலும் தொடர்ந்தது.

இந்த வேலிகளை உடைத்தவர்கள் பெரிய கம்பனிகள் அல்லர். 2002 இல் சில இளைஞர்கள் எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்தில் வீடியோக் கோப்புக்களை ஓட்டுவதற்கு ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அது வளர்ந்து 'எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்ரர்' ஆகி, 2004 யூனில் அதன் முதற் பதிப்பு வந்தது. எக்ஸ்பொக்ஸ் உள்ளே பார்த்தால் ஒரு சிறு கொம்பியூட்டர்தான்: 733 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள இன்ரெல் மூளை, 64 மெகாபைற் நினைவகம், ஒரு ஹாட் டிஸ்க். பூட்டைத் திறந்து இந்த மென்பொருளை ஏற்றினால், வீட்டுக் கொம்பியூட்டரில் இருக்கும் கோப்புக்களைக் கம்பி வழியாக இழுத்து வரவேற்பறைத் தொலைக்காட்சியில் காட்டும். எந்த வலயம் என்று கேட்காது. எந்த முறை என்றும் கேட்காது. இயந்திரத்தைத் திறப்பது உற்பத்தியாளருக்கு உடன்பாடான காரியம் அல்ல. ஆனால் மூலநிரல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தபடியால் அந்த மென்பொருள் எக்ஸ்பொக்ஸை விட்டு வெளியேறி வளர்ந்தது. 2014 இல் 'கோடி' என்று பெயர் மாறி இன்றும் இருக்கிறது.

இந்த வசதியை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதையும் மறைக்கக்கூடாது. ஹாட் டிஸ்க்குகளில் கைமாறிய படங்களில் பெரும்பாலானவை கள்ளக் கொப்பிகள். அதற்கு முன் கசெற் கடைகளில் வாடகைக்கு எடுத்தவற்றிலும் கொப்பிகள் ஏராளம். ஒரு படத்துக்காக உழைத்தவருக்கு எமது காசு போகவில்லை. அகதி என்ற சொல் இதற்கு நியாயமாகாது.

2006 நவம்பரில் பிளேஸ்டேசன் 3 வந்தது. அதே வருடம் யூனில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதலாவது புளூ-ரே பிளேயரின் விலை 999 டொலர். இந்த இயந்திரமோ 499 டொலரிலிருந்து புளூ-ரேயும் ஓட்டியது. போட்டியாக நின்ற எச்.டி. டீவீடியை 2008 பெப்ரவரியில் ரொஷிபா கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எமக்கு அந்தச் சண்டை முக்கியமல்ல. யூ.எஸ்.பி. குச்சியில் கிடக்கும் எமது சொந்த வீடியோவை இந்தப் பெட்டி ஓட்டியது, அதுதான் முக்கியம்.

அப்போதுதான் 1986 கசெற்றை மறுபடி வெளியே எடுத்தோம். இம்முறை மாற்றிய கொப்பியை விட்டுவிட்டு, மூலக் கசெற்றையே 'பால்' டெக் ஒன்றில் போட்டுக் கொம்பியூட்டரில் பதிந்தோம். மூன்று மணி நேரம், ஆறு கிகாபைற்றுக்கு மேல். பெட்டி ஏற்கும் குச்சி ஒழுங்கிலோ ஒரு கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டக்கூடாது. ஆகவே கலியாணத்தை இரண்டாக வெட்டினோம். தாலி கட்டு முதற் கோப்பில், பந்தி இரண்டாவதில்.

அம்மம்மாவுக்கு விளையாட்டுக் கைப்பிடியைப் பழக்கினோம். பெருக்கல் குறியை அழுத்தினால் உள்ளே போகும், வட்டத்தை அழுத்தினால் திரும்பும். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். பழைய டெக்கில் படத்தை நிறுத்தினால் அது நடுங்கும், குறுக்கே கோடு விழும். இதில் நிறுத்தினால் அசையாமல் நிற்கும். ஒரு நாள் பின்னேரம் மணவறை, மாப்பிள்ளை, பொம்பிளை எல்லாவற்றையும் ஓடவிட்டு, பந்திக்குத் தண்ணீர் அள்ளும் இடத்தில் நிறுத்தினார். கிணற்றடி. துலா. பின்னால் கமுகுகள். முன்னால் வாளியோடு அப்பா. "அப்பிடியே விடு" என்றார். அன்று பேரன் விளையாடவில்லை.

இதற்கிடையில் வேறொரு கதவு திறந்தது. பிளசன்டனிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்துக்குள் இருக்கும் லொஸ் கற்றொஸில் இயங்கும் நெட்பிளிக்ஸ், 2007 இல் இணையவழிப் படங்களைத் தொடங்கியது. 2008 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360 இலும், 2009 நவம்பரில் பிளேஸ்டேசன் 3 இலும், 2010 இல் நின்ரெண்டோ வீயிலும் அது நுழைந்தது. பிளேஸ்டேசனில் தொடக்கத்தில் அதற்கென்று அனுப்பப்பட்ட ஒரு தட்டைப் போட்டால்தான் ஓடும். 2010 ஒக்ரோபரில் அதுவும் தேவையில்லாமற் போயிற்று. 2012 அளவில் தொலைக்காட்சியோடு இணைந்த சாதனங்களில் தமது படங்கள் அதிகம் ஓடுவது பிளேஸ்டேசன் 3 இல்தான் என்று நெட்பிளிக்ஸ் சொல்லுமளவுக்கு வந்தது. விளையாட்டுப் பெட்டி அமெரிக்க வீடுகளின் படப்பெட்டியும் ஆகிவிட்டது.

இன்று தமிழ்ப் படங்கள் அந்த வழியால் தாராளமாக வருகின்றன. 2021 யூனில் 'ஜகமே தந்திரம்' திரையரங்குக்குப் போகாமல் நேரே நெட்பிளிக்ஸில் வந்தது. லண்டனிலிருக்கும் ஈழ அகதிகளைப் பற்றிப் பேசும் ஒரு படத்தை ஐந்து வலயத்து உறவினரும் ஒரே இரவில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சண்டை பிடித்தோம். இது சிறிய விசயமல்ல.

ஆனால் அதே காலத்தில் எமது கோப்புக்களுக்கான கதவு ஒடுங்கியது. 2013 இல் வந்த பிளேஸ்டேசன் 4 இல் குச்சியிலுள்ள வீடியோவை ஓட்டும் வசதி முதலில் இல்லை, 2015 இல்தான் சேர்த்தார்கள். 2020 இல் பிளேஸ்டேசன் 5 வெளியானபோதும் அதற்கான மீடியா பிளேயர் இல்லை. தட்டுப் போடும் வாயே இல்லாத ஒரு மாதிரியும் கூடவே விற்பனைக்கு வந்தது. எக்ஸ்பொக்ஸ் பக்கம் மட்டும் 2017 இல் 'கோடி' முறைப்படி திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கிய படங்களின் நிலையும் இதுவே: தனது கடையில் படங்கள் விற்பதைச் சோனி 2021 ஓகஸ்ட் 31 உடன் நிறுத்தியது. தபாலில் தட்டு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸும் 2023 செப்டெம்பரில் அதை முடித்துக்கொண்டது.

அவர்களுக்கு அது வியாபாரம். வாடகைக்குப் பார்ப்பவர்கள் இருக்கும்போது சொந்தக் கோப்பு வைத்திருப்பவர்களுக்காக ஏன் மினக்கெட வேண்டும்? எமது நிலை வேறு. எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் வலிகாமத்துக் கிணற்றடி வராது.

டெக் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. இனி இருக்கும் டெக்குகள் பழுதாகிக்கொண்டே போகும், கசெற்றின் நாடாவும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். சென்ற கோடையில் பிளசன்டனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சில வீடுகள் சேர்ந்து பதினொரு கசெற்றுக்களை எடுத்து வந்தோம். மூன்றில் பூஞ்சணம். எட்டைக் காப்பாற்றினோம். ஒவ்வொன்றையும் இரண்டு ஹாட் டிஸ்க்கில் எழுதி, ஒன்றை வேறொரு வலயத்திலிருக்கும் உறவினருக்கு அனுப்பினோம்.

வாசகர்கள் தமது அலுமாரியின் மேல்தட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் கசெற்றை ஓட்டுவதற்கு இன்னும் எங்கோ ஒரு டெக் இருக்கிறது. அடுத்த கோடை மட்டும் இருக்குமோ தெரியாது.