‘இல்லை’ என்று சொல்பவனின் இடம்
யாழ்ப்பாணத்து மிசன் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், இரவுவேலை இடைவேளையின்போது, என்னோடு வேலைசெய்யும் ஒரு தம்பி என் தாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். 2008இல் வெளிக்கிட்டு, இப்போது ஜேர்மனியின் ஒரு சிறுநகரத்தில் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் நிற்கிறேன். அந்தத் தம்பி சில வருடங்களுக்கு முன் ஒரு சபையில் சேர்ந்து இரட்சிக்கப்பட்டவர். குடியை விட்டவர். மனைவி பிள்ளைகளோடு ஒழுங்காக வாழ்பவர். அவரிடம் நிகழ்ந்த இந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். என் அம்மா 2009 ஏப்ரலில் வன்னியில் ஷெல் விழுந்து செத்தவர். கடைசிவரை திருநீறு பூசியவர்.

“அண்ணை, அம்மா கடைசி நேரத்திலையெண்டாலும் ஆண்டவரை அறிஞ்சவவோ?”

இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, விக்கிரக வணக்கம்தான் எங்கள் சனத்துக்கு அந்த அழிவைக் கொண்டுவந்தது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான துக்கத்தோடு சொன்னார். நான் கோப்பையை வைத்துவிட்டு மெசினுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் நாங்கள் கதைக்கவில்லை. கை மூடிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மூளைக்கு வேறு வேலை இல்லாதபடியால், அந்த இரண்டு வாரமும் நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன்.

பெரும் செல்வம் ஒன்றைக் கண்டெடுத்ததாக மெய்யாகவே நம்பும் ஒருவரிடம், அதைப் பற்றி மற்றவருக்கு மூச்சும் விடாதே என்று நாம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது சகிப்புத்தன்மையும் அல்ல. நம்பிக்கையைப் பகிர்வது மனித இயல்பு. எப்படிப் பகிர்வது, கேட்பவரை எங்கே நிறுத்தி வைத்துப் பகிர்வது என்பதுதான் பிரச்சினை. இந்தக் கேள்விக்கு இருநூறு வருடப் பரிசோதனை எங்கள் சொந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது.

1. கிரகணம்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி ஆரம்பமானது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். தமிழை ஆழமாகக் கற்றவர், கல்வியில் உண்மையான அக்கறை கொண்டவர் என்பதில் ஐயமில்லை.

1829 மார்ச்சில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் செமினறியின் கணிப்பும் வேறுபட்டன. பூவர் இதை ஒரு பகிரங்கச் சோதனையாக்கினார். கிரகணம் செமினறி சொன்னபடியே நிகழ்ந்தது. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழை, புராணம் பிழைத்தால் சமயமும் பிழை என்பது மிசனரிமாரின் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அன்று வென்றது வானியல், வேதாகமம் அல்ல. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் கலிலியோவை விசாரணைக்கு நிறுத்தியதும் ஒரு கிறிஸ்தவ சபைதான். எங்கள் மாணவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் வானியலைக் கற்றுக்கொண்டார்கள், மதத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஊரார் முன்னிலையில் ஒரு முதிய அறிஞர் தலைகுனிந்ததை மட்டும் ஊர் மறக்கவில்லை. ஒருவரை அவமானப்படுத்தி அவர் வாயை அடைக்கலாம், அவர் நெஞ்சை அதனால் திறக்க முடியாது.

2. சோறும் பெயரும்

செமினறியிலும், 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையிலும் பிள்ளைகளுக்குச் சோறு, உடை, கல்வி எல்லாம் கிடைத்தன. அமெரிக்காவில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரையும் அனுப்பலாம். அப்படித்தான் விசுவநாதபிள்ளை ‘கறல்’ விசுவநாதபிள்ளையானார், சிதம்பரப்பிள்ளை ‘நெவின்ஸ்’ ஆனார், சதாசிவம்பிள்ளை ‘ஆர்னல்ட்’ ஆனார். கொடுத்தவர்கள் அன்பினால்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் பெயரை மாற்றும் உரிமை அன்போடு சேர்ந்து வந்துவிடும்போது, அங்கே அன்பு எது அதிகாரம் எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

பலன் என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்று நாம் பெருமையோடு சொல்லும் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், செமினறியின் மாணவர்கள். இருவருமே பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை செமினறியில் தீட்டிய அறிவைக் கொண்டு கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்காகத் தமிழுலகம் வட்டுக்கோட்டைக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் செமினறியை நடத்தியவர்கள் எதிர்பார்த்தது அதுவல்ல.

இந்த உண்மை மிசனுக்கே தெரிந்தது. பொஸ்ரன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு நிலைமையைப் பார்த்தது. 1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு ஏணியானதே தவிர விசுவாசத்துக்கு வழியாகவில்லை என்பது அவர்களின் முடிவு. இதற்கு மாணவர்களை ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏளனம் செய்வது எங்களூர் வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. ஞானஸ்நானத்துக்கும் உத்தியோகத்துக்கும் இடையில் ஒரு பாதையைப் போட்டவர்கள் பெரியவர்கள். அதில் நடந்த பிள்ளைகளின் மனச்சாட்சியை மட்டும் விசாரிப்பது நியாயமல்ல.

3. நாவலர் எடுத்துக்கொண்டவை

1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் மெதடிஸ்ற் மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவலோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அதை வரிவரியாகக் கற்ற ஒருவர்தான் 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தன் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, அதைத் தொடர்ந்து அச்சுக்கூடம், 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’. பிரசங்கம், பாடசாலை, வினாவிடை, துண்டுப்பிரசுரம் என்று மிசனரிமாரின் ஆயுதங்கள் அத்தனையையும் அவர் தன்வசமாக்கினார். பழைய ஏற்பாட்டின் ஆலயமும் பலியும் தூபமும் எங்கள் கிரியைகளிலிருந்து எவ்வகையில் வேறு என்று அவர்களுடைய நூலை வைத்தே கேட்டார்.

இதை வெற்றி தோல்விக் கணக்காகப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கண்டனம் கண்டனத்தைப் பெற்றது என்பதையே கவனிக்கிறேன். தூஷணம் என்றும் பரிகாரம் என்றும் இரு தரப்பும் அச்சடித்துத் தள்ளிய அந்தச் சத்தத்தில் ஒரு பெரிய கேள்வி அமுங்கிப்போனது. அது சாதி. மிசனரிமார் விக்கிரகத்தை உரத்துக் கண்டித்தார்கள், ஆனால் வெள்ளாளப் பிள்ளைகளை இழக்கக் கூடாது என்பதற்காகச் சாதியோடு பல இடங்களில் சமரசம் செய்தார்கள். நாவலரோ சாதி ஆசாரத்தைச் சைவத்தின் பகுதியாகவே காத்தவர். உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் என்ற பேச்சு 1929இல்தான் உத்தரவாகியது. அப்போது எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் எரிந்தன.

ஆகவே ‘தீர்ப்பிடாமை’ என்பதை நாம் கவனமாகப் புரிந்துகொள்ளவேண்டும். எதைப் பற்றியும் வாய் திறக்காமல் இருப்பது தீர்ப்பிடாமை ஆகாது. ஒரு மனிதன் எந்தக் கடவுளை எப்படிக் கும்பிடுகிறான் என்பது அவனுடைய விடயம். அவன் இன்னொருவனை நிலத்தில் இருத்துகிறான் என்பது அவனுடைய விடயம் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்து மிசன் முதலாவதில் கடுமையாகவும் இரண்டாவதில் மென்மையாகவும் இருந்தது. மறுதலையாக இருந்திருக்கவேண்டும்.

4. மானிப்பாய்

நாவலர் பிறந்த அதே 1822இல் அமெரிக்காவின் வூஸ்ரரில் இன்னொருவர் பிறந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன். மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருந்துச்சாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தியவர். நான் சிறுவனாக இருந்தபோது காய்ச்சலுக்குக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் அவருடைய பெயர் இருந்தது. யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள், கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். அதற்கு நூல்கள் வேண்டும். ‘அங்காதிபாதம்’ 1852இலேயே வந்திருந்தது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்று வரிசையாக வந்தன. 1873இல் நாடு திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை, வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ்ப் பிரதிகளைப் பார்வையிட்டார். தன் மாணவர்கள் கிறிஸ்தவராவதை அவர் விரும்பினார், ஆனால் தமிழரின் உடையையும் வழக்கத்தையும் விட்டு ஐரோப்பியராவதை விரும்பவில்லை.

அவரை மதச்சார்பற்றவராக்கிக் காட்டும் நோக்கம் எனக்கில்லை. அவர் மிசனரி. மருந்துச்சாலையில் ஜெபமும் வேதவாசிப்பும் நடந்தன. சைவம் சரியென்று அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. தான் தமிழருக்கான மருத்துவச் சுவிசேஷகன் என்பது தன் கல்லறையில் எழுதப்படவேண்டும் என்று விரும்பினார், அவ்வாறே எழுதப்பட்டது. வேறுபாடு இதுதான்: மானிப்பாயில் ஜெபத்தைக் கேட்டுவிட்டுத் திருநீற்றோடு வீடு திரும்பிய நோயாளிக்கும் மருந்து கிடைத்தது. ‘இல்லை’ என்று சொல்பவன் எதையும் இழக்கவில்லை. செமினறி மாணவனுக்கோ அந்த ‘இல்லை’ மிகவும் விலை கூடியதாக இருந்தது.

பூவரையும் கிறீனையும் பிரிப்பது குணம் அல்ல, நிறுவன அமைப்பு என்றே நினைக்கிறேன். நம்பிக்கையைப் பகிர்பவரை அளக்க என்னிடம் உள்ள அளவுகோல் இது ஒன்றுதான்: அவருக்கு ‘இல்லை’ என்று சொல்பவன் என்ன இழக்கிறான்? சோற்றையா, வேலையையா, மானத்தையா, செத்துப்போன தாயையா?

தெல்லிப்பழையில் பிறந்த டி. ரி. நைல்ஸ் (1908–1970) உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1948 அம்ஸ்ரடாம் தொடக்கக் கூட்டத்தில் பிரசங்கித்தவர். சுவிசேஷம் சொல்வதை, பசித்த ஒருவன் இன்னொரு பசித்தவனுக்கு அப்பம் இருக்குமிடத்தைக் காட்டுவதற்கு ஒப்பிட்டவர் அவர். இந்த உவமையில் சொல்பவன் அப்பத்தின் சொந்தக்காரன் அல்ல, மேசையின் காவலாளியும் அல்ல. மிசனின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் எங்கள் மண்ணிலேயே இந்தப் பணிவாகக் கனிந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

5. நாங்களும் மிசனரிமார்தான்

இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் பலர் கடவுளை எப்போதோ விட்டவர்கள். இது பாதிரிமாருக்கான கட்டுரை என்று அவர்கள் தாண்டிப் போய்விடக்கூடாது. எழுபதுகளுக்குப் பிறகு எங்கள் சமூகத்தில் அதிகம் மதம் பரப்பியவர்கள் பாதிரிமார் அல்லர். விடுதலையைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் நாங்கள்தான் வீடுவீடாகப் போய்ச் சொன்னோம். எங்களுக்கும் வேதநூல்கள் இருந்தன, இரட்சிக்கப்பட்டோரும் கெட்டுப்போனோரும் இருந்தார்கள். எங்களிடம் ‘இல்லை’ என்று சொன்னவன் சோற்றையோ வேலையையோ மட்டும் இழக்கவில்லை. ‘துரோகி’ என்ற சொல்லின் பாரம் நரகம் என்ற சொல்லின் பாரத்துக்குக் குறைந்ததல்ல. நரகம் இறந்த பிறகுதான் வரும். மின்கம்பம் உடனே வந்தது. புலம்பெயர்ந்த பிறகும் எங்கள் விவாதங்களில் அந்தத் தொனி முற்றாகப் போய்விடவில்லை. நானும் விரிவுரை மேடையில் நின்று சில மாணவர்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியில் எனக்கு வந்த கோபத்தில் பாதி, என்னை நானே அடையாளம் கண்டதால் வந்தது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு நான்தான் பேச்சைத் தொடங்கினேன். “தம்பி, நீங்கள் குடியை விட்ட கதையைச் சொல்லுங்கோ, எத்தனை தரமெண்டாலும் கேக்கிறன். எங்கட அம்மாவுக்குத் தீர்ப்பு மட்டும் நீங்கள் எழுதவேண்டாம். உங்கட வேதத்தின்படி பாத்தாலும் அது உங்கட வேலையில்லையே” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா எப்பிடிப்பட்டவ அண்ணை?” என்று கேட்டார்.

இடைவேளை பதினைந்து நிமிடம். அம்மாவைப் பற்றி முழுதாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளும் கேட்டார். அவர் இன்றும் எனக்காக ஜெபிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இன்றும் அவருடைய சபைக்குப் போனதில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பிடுகிறேன்.

இதில் மாறுபட்ட கருத்துகள் இருக்கும், குறிப்பாக விசுவாசிகளான நண்பர்களிடமிருந்து. அவர்கள் எழுதவேண்டும் என்று விரும்புகிறேன்.