கெல்ட்டியர்

கெல்ட்டியர் என்போர் இரும்புக் காலத்தில் நடு, மேற்கு ஐரோப்பாவில் பரவி வாழ்ந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசிய இனக்குழுக்கள். கிரேக்கர் இவர்களைக் ‘கெல்ட்டோய்’ என்றும், உரோமர் ‘கல்லி’ என்றும் அழைத்தனர். இவர்கள் ஒரே அரசாக ஒருபோதும் இணைந்ததில்லை.

தோற்றம்: இவர்களின் தொடக்கம் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பண்பாட்டோடு (ஏறத்தாழ கி.மு. 800–450) பொதுவாக இணைத்துப் பேசப்படுகிறது. அங்குள்ள உப்புச் சுரங்கங்கள் வணிகச் செல்வம் ஈட்டித் தந்தன. 1846 முதல் நடந்த அகழாய்வில் ஆயிரத்தை நெருங்கிய கல்லறைகள் வெளிப்பட்டன. அடுத்து வந்த லா தேன் பண்பாடு, சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் ஏரிக்கரையில் 1857இல் கண்டறியப்பட்ட இடத்தின் பெயரைப் பெற்றது. சுருள் கோடுகளும் கொடி வடிவங்களும் அதன் கலைக்கு அடையாளம்.

சமூகம்: தலைவர்கள், போர்வீரர்கள், உழவர்கள், கைவினைஞர்கள் எனச் சமூகம் அடுக்காக அமைந்திருந்தது. துரூயிதுகள் எனப்பட்ட குருமார் வேள்வி, நீதி, கல்வி ஆகியவற்றைக் கவனித்தனர். சமய அறிவை எழுத்தில் வைக்காமல் மனப்பாடமாகவே கற்பித்தனர். ஜெர்மனியின் ஹோக்டார்ஃப் கல்லறையில் தலைவர் ஒருவருடன் நான்கு சக்கர வண்டியும் தேன்மது இருந்த பெரிய வெண்கலக் கொப்பரையும் புதைக்கப்பட்டிருந்தன.

பரவலும் வீழ்ச்சியும்: கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம் நகரைச் சூறையாடினர், கி.மு. 279இல் கிரேக்கத்தின் டெல்ஃபியைத் தாக்கினர். ஒரு பிரிவினர் சின்ன ஆசியாவில் குடியேற, அப்பகுதி கலாத்தியா எனப்பட்டது. கி.மு. 52இல் அலேசியாவில் கெல்ட்டியத் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸ் உரோமத் தளபதி ஜூலியஸ் சீசரிடம் தோற்றதும், கெல்ட்டியர் வாழ்ந்த ‘கால்’ (Gaul) நாடு உரோமர் வசமானது.

ஐரியம், ஸ்காட்லாந்து கேலிக்கு, வேல்சு, பிரெத்தோன் ஆகியவை இன்றும் வழங்கும் கெல்ட்டிய மொழிகள்.