துண்டுச் சீட்டும் தனிவாழ்வும்: கண்டிச் சீமைக்கு வந்த இளையோர்

தமிழக ஊர்ப்புறங்களில் ‘கண்டிச் சீமை’ என வழங்கப்பட்ட இலங்கை மலைநாட்டில், 1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய கோப்பித் தோட்டங்களும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும், கடல் கடந்து வந்த தமிழர் உழைப்பால் வளர்ந்தன. அவர்களுள் முற்பட்டோர் மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியே கால்நடையாகவே கண்டியை அடைந்தனர். வறுமையிலிருந்து விடுபட்டுச் சொந்தக் காலில் நிற்க எண்ணிப் புறப்பட்ட இளையோரை, ஆட்களைத் திரட்டி வந்து தோட்டத்தில் மேற்பார்த்த கங்காணி வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணமே கடனாளிகளாக்கியது. அக்கடனின் அளவைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் ஆளை விடுவிப்பதாக எழுதப்பட்ட சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது; துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிதாகையால், தோட்டம் மாறினாலும் கடன் உடன் சென்றது. கூலியும் பெரும்பாலும் கங்காணியின் கைவழியே வந்தமையால், உழைத்தவர் தம் வருவாய்க்குத் தாமே உரியவராக இயலவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது; 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக்கு வழிதிறந்தது. உழைப்பின் பயனும் நாட்டின் உரிமையும் ஒருங்கே வாய்க்காதவரை, புலம்பெயர்ந்தவரின் தனிவாழ்வு முழுமை பெறாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.