யார் மேல தப்புன்னு கேக்காத ஊரு

பிளாட் புஷ் பக்கம் குடியிருக்கற நம்மாளுங்க யாரைக் கேட்டாலும் ஏ.சி.சி. தெரியும். படியில வழுக்கி விழுந்தாலும் ஏ.சி.சி.தான், கிரிக்கெட் பந்து மண்டையில பட்டாலும் ஏ.சி.சி.தான். விசா வாங்கிப் படிக்க வந்த என்னை மாதிரி ஆளுங்களுக்கும் விபத்துன்னா சிகிச்சைக்கு உண்டு. இதுக்குப் பின்னாடி கொஞ்சம் வரலாறு இருக்கு மக்களே, பொறுமையா படிங்க :-)

தலையில அடிபட்டா வெளிக்காயம் சீக்கிரம் ஆறிடும். ஆனா ஞாபகம், கவனம், கோபத்தை அடக்கற சக்தி எல்லாம் லேசுல திரும்பாது. அங்கதான் மருத்துவ உளவியலாளர் வேலை ஆரம்பம். எது போச்சு, எது மிச்சம்னு சோதிச்சுப் பார்த்து, மிச்சத்தை வெச்சு வாழப் பழக்கணும்.

இந்த வேலை வளர்ந்ததே போர்க்களத்தாலதான். முதல் உலகப் போர்ல மூளையில காயம்பட்ட சிப்பாய்களை பிராங்க்பர்ட்ல கர்ட் கோல்ட்ஸ்டைன் பார்த்தார். இரண்டாம் போர்ல சோவியத்துல லூரியா, எடின்பரோவுல ஆலிவர் ஜாங்வில். போன திறமையைத் திரும்பப் பழக்கறதா, இல்லை வேற வழியில அதே காரியத்தைச் செய்ய வைக்கறதான்னு 1947லயே ஜாங்வில் பிரிச்சு எழுதினார். இன்னிக்கு மறதிக்காரர் கையில டைரியும் போன் அலாரமும் குடுக்கறது அந்த ரெண்டாவது வழிதான்.

சிப்பாய்க்கு அரசாங்கம் செலவு பண்ணும். சாரத்துல இருந்து விழுந்த கொத்தனாருக்கு?

நியூசிலாந்துல நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் 1967ல பதில் சொன்னார்: விபத்து சமூகத்தோட பொறுப்பு, தப்பு யார் மேலன்னு கேக்காதே, முழு மறுவாழ்வு குடு. 1972ல சட்டம், 1974 ஏப்ரல் 1ல அமல். பதிலுக்கு, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடற உரிமையை ஜனங்க விட்டுக்குடுத்தாங்க. 2013ல லான்செட் நியூராலஜியில வந்த ஆய்வுப்படி இங்க வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 790 மூளைக் காயங்கள். பெரும்பாலும் லேசானவைதான், ஆனாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

ஓட்டையும் இருக்கு. அதே ஞாபகம் பக்கவாதத்தால போனா அது விபத்து இல்லை, நோய். பொது ஆஸ்பத்திரி உண்டு, ஆனா சம்பளத்துல 80 சதவீதம் தர்ற ஏ.சி.சி. கிடையாது. நோயை ஒதுக்கறதுக்கு தர்க்கரீதியா நியாயம் இல்லைன்னு வுட்ஹவுஸ் அறிக்கையே ஒத்துக்கிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் கொண்டுவந்தது. சாலை விபத்துல சிக்கினவங்க எந்த ஊர்க்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம், உயிர் பொழைக்குது. ஆனா பொழைச்சவர் வீட்டுக்கு வந்து, கேட்டதையே கேட்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழும்போது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்கள்ல இதுக்குப் பயிற்சி இருக்கு. ஆனா திண்டுக்கல்ல இருந்து எத்தனை தடவை பெங்களூரு போய் வர முடியும்?

அதனால நம்ம பக்கம் பெரும்பாலும் அம்மாவும் மனைவியும்தான் உளவியலாளர். சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை, லீவும் இல்லை. நாப்பத்தொன்பதாவது மணி நேரத்துக்கு யார் பொறுப்புன்னு இந்த ஊர் 1967லயே கேட்டுடுச்சு. நாம எப்போ கேக்கப் போறோம்? நீங்க என்ன நினைக்கறீங்க, சொல்லுங்க.